வெட்டி எடுத்த கட்டி எங்கே?

தம்பிக்கு இடது தொடையில் கட்டி. சின்னச் சின்ன முடிச்சுகள் அவனுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே உண்டு, அம்மாவுக்கும் உண்டு. அதனால் வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தருமபுரியில் ஒரு தனியார் கிளினிக்கில் தொட்டுப் பார்த்துவிட்டு, "கொழுப்புக் கட்டிதான், அரை மணி நேர வேலை" என்றார்கள். ஸ்கேன் கிடையாது. மரத்துப்போக ஊசி போட்டு எடுத்தார்கள். சாயங்காலமே பாலக்கோட்டுக்கு பஸ் ஏறிவிட்டோம்.

ஐந்தே மாதத்தில் தழும்புக்கு அடியில் மறுபடி வந்தது. எலுமிச்சம்பழ அளவு, கல் மாதிரி. ராத்திரியில் வலி கால் விரல் வரை சுரீர் என்று இழுக்கும்.

பெங்களூரில் புற்றுநோய் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "எடுத்த கட்டியோட பயாப்சி ரிப்போர்ட் எங்கே? பிளாக், ஸ்லைடு இருக்கா?" வெட்டி எடுத்ததை லேபில் மெழுகில் பதித்து வைப்பது பிளாக்; அதிலிருந்து மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் வைத்துப் பார்ப்பது ஸ்லைடு. ஊருக்குத் திரும்பி கிளினிக்கில் கேட்டால், கவுண்டரில் இருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கொழுப்புதானேங்க, டெஸ்டுக்கு அனுப்பலை, அப்பவே குப்பையில போட்டுட்டோம்." எங்களிடம் இருந்தது ஒரு மாத்திரைச் சீட்டு மட்டும். இன்னும் வயிறு எரிகிறது.

அடுத்த நடையும் வீண். எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்து அதன் ஃபிலிமைக் கொண்டுபோனோம், அந்தப் படங்கள் பதிந்த சிடி தட்டை வீட்டில் விட்டுவிட்டோம். சிடி இல்லாமல் பார்க்க மாட்டோம் என்று அனுப்பிவிட்டார்கள். ஸ்கேன் எடுத்த இடத்திலேயே சிடியைக் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் முறை டாக்டர் தம்பியின் சட்டையைக் கழற்றச் சொல்லி, முதுகிலும் இடுப்பிலும் பால் காபி நிறத்தில் இருந்த மச்சங்களை எண்ணினார். பிறந்ததிலிருந்து பார்க்கிறோம், ஒருவரும் எண்ணியதில்லை. என்எஃப்1 என்ற பரம்பரை நோயாம். நரம்பில் வரும் இந்த முடிச்சுகள் பெரும்பாலும் தீங்கில்லாதவை. ஆனால் இந்த நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய 10 பேரில் ஒருவருக்கு, வாழ்நாளில் ஒரு கட்டியாவது புற்றாக மாறலாம். இருந்த கட்டி திடீரென்று வேகமாக வளர்ந்தாலோ, இறுகினாலோ, வலித்தாலோ அப்போதே காட்ட வேண்டுமாம்.

5 செ.மீ.க்கு மேலான கட்டி, ஆழத்தில் இருக்கும் கட்டி, வளர்ந்துகொண்டே போகும் கட்டி எதையும் ஸ்கேன் பார்க்காமல் வெட்ட விடாதீர்கள். உள்ளே புற்று இருந்தால் கத்தி பட்ட இடத்தில் அதன் செல்கள் சிதறலாம், அடுத்த ஆபரேஷன் இன்னும் பெரிதாகலாம். முதலில் எம்ஆர்ஐ, அப்புறம் ஊசியால் சின்னத் துண்டு எடுத்து லேபில் பார்க்கும் ஊசி பயாப்சி, அதன் பிறகுதான் கத்தி.

பயாப்சி சுலபமாக முடிந்தது. சின்ன பாட்டிலில் சேமியாத் துண்டுகள் போல நான்கைந்து வெள்ளை இழைகள் மிதந்தன, மேலே தம்பி பெயர். லேப் வரை அதை நானே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனேன்.

பழைய தழும்போடு சேர்த்துக் கட்டியை முழுசாக எடுத்தார்கள். ரிசல்ட் வர இரண்டு வாரம். "புற்று இல்லை. ஆனா செல்கள் மாற ஆரம்பிச்சிருக்கு, இது அதுக்கு முந்தின படி. சரியான நேரத்துல எடுத்துட்டோம்" என்றார் டாக்டர். தம்பி அங்கேயே சுவரில் சாய்ந்து அழுதுவிட்டான்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவின் முடிச்சுகளை இதுவரை எந்த டாக்டரும் பார்த்ததில்லை. வரும் செவ்வாய்க்கிழமை அவரையும் கூட்டிப் போகிறோம்.