இரண்டாவது ஓனரின் சர்வீஸ் புத்தகம்

"பழைய பி.எம்.டபிள்யூ வாங்கலாமாங்ணா?" என்று என்னிடம் கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் விலையைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். பத்து வயதான 3 சீரிஸ் டீசல் கார் இன்றைக்குப் புதிய நடுத்தர எஸ்யூவி விலைக்கும் கீழே கிடைக்கிறது. அதே கார் புதிதாக ரோட்டுக்கு வந்தபோது 40 லட்சத்தை ஒட்டியோ தாண்டியோ ஆகியிருக்கும். இந்தக் கணக்கைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் தெரியும் சந்தோஷம் எனக்கும் புரிகிறது. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவேன். காரின் விலைதான் இறங்கியிருக்கிறது. அதன் பிரேக் டிஸ்க், ஷாக் அப்சார்பர், ஹெட்லைட் எதன் விலையும் இறங்கவில்லை. அவை இன்னும் 40 லட்ச ரூபாய்க் காரின் பாகங்கள்தான்.

நான் கோயம்புத்தூர் கணபதியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை நடத்துகிறேன். பம்புகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிற தொழில். என்னுடையது 2014-ஆம் வருஷத்து 320டி, அதே 3 சீரிஸ் டீசல்தான். எஃப்30 என்று சொல்லும் தலைமுறை. ஜெர்மன் கார் என்று ஊர் சொன்னாலும், இது கோக்கப்பட்டது சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்து மகிந்திரா வேர்ல்டு சிட்டியில், 2007-ல் தொடங்கிய தொழிற்சாலையில். 184 குதிரைத்திறன், 380 நியூட்டன் மீட்டர் இழுவை. எஞ்சின் முன்னால், ஓட்டுவது பின்சக்கரம். முன்சக்கரத்துக்குத் திரும்புவது மட்டும்தான் வேலை. அதனால் ஸ்டீயரிங்கில் இழுப்போ உதறலோ இல்லை. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் இதை ஓட்டிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். வளைவுக்குள் நுழையும்போது கார் எங்கே போகும் என்று கைக்கு முன்கூட்டியே தெரிகிறது. எடை முன்னும் பின்னும் ஏறக்குறையச் சரிபாதியாகப் பிரிந்திருப்பதால் வருகிற சமநிலை அது. இயந்திரத்தோடு வாழ்கிறவனுக்கு இப்படி ஒன்றைக் கையில் பிடிப்பது பெரிய சந்தோஷம். அதற்காகத்தான் இத்தனை பாடும்.

வாங்குவதற்கு முன்னால் நான் நிறைய கார்களைப் பார்த்தேன். சென்னையில் ஒரு விற்பனையாளரிடம் வெள்ளை நிறத்தில் ஒன்று, கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டு நின்றது. மீட்டரில் 62,000 கிலோமீட்டர். என்னுடன் வந்த மெக்கானிக் தம்பி ஒன்றும் பேசாமல், காரின் கம்ப்யூட்டரில் இருப்பதைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினான். இந்தக் கார்களில் ஒரு கோளாறு பதிவாகும்போது அது எந்தக் கிலோமீட்டரில் வந்தது என்பதும் சேர்ந்தே பதிவாகிவிடும். பழைய கோளாறு ஒன்று 1,18,000 கிலோமீட்டரில் விழுந்திருந்தது. "மீட்டரு முன்னாடி போகும், பின்னாடி எப்படிங்ணா போகும்?" என்றான். அங்கிருந்து கிளம்பிவிட்டோம். ஸ்கேனர் போட அனுமதிக்காத இடத்தில் கார் வாங்க வேண்டாம் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

சென்னைக் கார் என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடித்தளப் பார்க்கிங்குகளில் எத்தனையோ விலையுயர்ந்த கார்கள் மூழ்கின. காப்பீட்டு நிறுவனங்கள் மொத்த நஷ்டமாகக் கணக்கு முடித்து ஏலம் விட்ட கார்கள் கழுவித் துடைத்து மறுபடி சந்தைக்கு வரும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருக்கும். டிக்கியின் தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். இந்தக் காரில் பேட்டரியும் அங்கேதான் இருக்கிறது. ஒயர் இணைப்புகளில் பச்சைக் களிம்பு தெரிந்தால் பேரம் பேசவே வேண்டாம். அப்புறம், பழைய இன்ஷூரன்ஸ் பாலிசிகளை வருஷ வாரியாகக் கேளுங்கள். க்ளெய்ம் இல்லாத ஒவ்வொரு வருஷத்துக்கும் நோ க்ளெய்ம் போனஸ் என்ற பிரீமியத் தள்ளுபடி 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறிக்கொண்டே போகும். நடுவில் ஒரு வருஷம் அது பூஜ்யத்துக்கு இறங்கியிருந்தால், அந்த வருஷம் என்ன ஆனது என்று கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு. விற்கிறவர் சொல்லாத கதையை அந்தக் காகிதம் சொல்லிவிடும்.

தில்லிக் கார்கள் இன்னும் மலிவு. பத்து வருஷம் தாண்டிய டீசல் கார் அங்கே ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் சொன்னதையும், உச்ச நீதிமன்றம் 2018-ல் அதை உறுதி செய்ததையும் ஒட்டி அங்கிருந்து கார்கள் தெற்கே இறங்க ஆரம்பித்தன. அங்கே என்.ஓ.சி. என்ற ஆட்சேபணை இல்லாச் சான்று வாங்கி, இங்கே ஆயுள் வரி கட்டி, புது நம்பர் போட்டு முடிக்கும்போது மிச்சப்படும் பணம் நினைத்த அளவு இருக்காது. காரின் பூர்வீகத்தைத் தெரிந்துகொள்வதும் கஷ்டம். எனக்கு அந்த வழியில் விருப்பமில்லை.

கடைசியில் ஈரோட்டில் ஒரு வயதான டாக்டரிடம் வாங்கினேன். முதல் ஓனர். மீட்டரில் 84,000. தடிமனான ஃபைல் ஒன்றில் முதல் நாள் பில் முதல் வைப்பர் பிளேடு மாற்றிய ரசீது வரை வரிசையாகக் கோத்து வைத்திருந்தார். "வண்டிய விட இந்த ஃபைலு பத்திரமுங்க" என்று சொல்லிக் கொடுத்தார். விலை 13 லட்சம். இதே மாதிரிக் காரைச் சிலர் பதினொன்றுக்கும் தர முன்வந்தார்கள். அந்த இரண்டு லட்சம் வித்தியாசம் முழுவதும் அந்த ஃபைலுக்கானது என்றே நான் கணக்கு வைத்திருக்கிறேன். பழைய சொகுசுக் கார் வாங்குகிறவர் முதலில் விலை பேச வேண்டியது அதன் சரித்திரத்துக்குத்தான்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

காரோடு வரும் சர்வீஸ் அட்டவணை முதல் ஓனரை மனதில் வைத்து எழுதப்பட்டது. இது என் முடிவு. முதல் ஓனர் ஐந்து வருஷம், அதிகம் போனால் ஏழு வருஷம் வைத்திருப்பார். அந்தக் காலத்துக்குள் பராமரிப்புச் செலவு குறைவாகத் தெரிவது அவருக்கும் நல்லது, விற்கிறவர்களுக்கும் நல்லது. எண்ணெய் மாற்றும் இடைவெளி நீளமாக இருப்பதும், கியர்பாக்ஸ் எண்ணெயை ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று வைத்திருப்பதும் அந்தக் கணக்கில் சரியாகவே இருக்கலாம். ஆனால் காரின் பத்தாவது வருஷத்தையும் பதினைந்தாவது வருஷத்தையும் பார்க்கப்போவது நாம். நமக்கு நாமே ஒரு அட்டவணை எழுதிக்கொள்ள வேண்டும்.

கியர்பாக்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் காரில் இருப்பது இசட்.எஃப். நிறுவனத்தின் எட்டு வேக ஆட்டோமேட்டிக். ஆயுளுக்கும் அதே எண்ணெய் என்பது கார் நிறுவனத்தின் வழக்கம். கியர்பாக்ஸைச் செய்த இசட்.எஃப். என்ன சொல்கிறது? 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருஷத்தில் மாற்றச் சொல்கிறது. பெட்டியைச் செய்தவன் சொல்வதைக் கேட்பேனா, அதை வாங்கிக் காரில் பொருத்தியவன் சொல்வதைக் கேட்பேனா? பம்புக்கு ஷாஃப்ட் செய்கிறவனாக எனக்கு இதில் சந்தேகமே இல்லை. வாங்கியவுடன் செய்த முதல் வேலை அதுதான்.

வேலை லேசானதல்ல. கீழே இருக்கும் எண்ணெய்த் தொட்டி பிளாஸ்டிக். ஃபில்டர் அதோடு சேர்ந்தே வருவதால் தொட்டியையே புதிதாகப் போட வேண்டும். நிரப்புவதற்கும் முறை இருக்கிறது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், எண்ணெயின் சூடு ஏறக்குறைய 40 டிகிரியில் இருக்க வேண்டும், அந்த நிலையில் நிரப்பும் துளையிலிருந்து வழியும் வரை ஊற்றி அடைக்க வேண்டும். சூட்டை ஸ்கேனரில் பார்க்கத் தெரியாதவரிடம் இந்த வேலையைக் கொடுக்கவே கூடாது. பழைய தொட்டியைக் கழற்றியதும் தம்பி உள்ளே இருந்த காந்தங்களை வழித்துக் காட்டினான். "எண்ணெய் கறுத்துப் போச்சுங்ணா. ஆனா துகளெல்லாம் மாவு மாதிரிதான் இருக்குது, சில்லு ஒண்ணுமில்ல. பொட்டி நல்லாயிருக்குங்ணா." அன்றைக்கு எனக்கு இருந்த நிம்மதிக்கு அளவில்லை. செலவு ஐம்பதாயிரத்தை ஒட்டி வந்தது. கியர்பாக்ஸ் போனால் ஆகும் செலவைப் பார்க்கும்போது அது ஒன்றுமே இல்லை.

எஞ்சின் எண்ணெய் விஷயத்திலும் அப்படித்தான். திரையில் காட்டும் கெடுவுக்கு நான் காத்திருப்பதில்லை. 8,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முந்துகிறதோ அப்போது 5.2 லிட்டரையும் ஃபில்டரையும் மாற்றிவிடுகிறேன். இதற்கு ஒரு காரணம் உண்டு. இந்த என்47 டீசல் எஞ்சினில், வால்வுகளை நேரம் தவறாமல் திறந்து மூட வைக்கும் டைமிங் செயின் எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. இந்த எஞ்சினின் ஆரம்ப வருஷங்களில், அதாவது 2007-ஐ ஒட்டி வந்த கார்களில், செயின் தேய்ந்து அறுந்த சம்பவங்கள் உலகம் முழுக்கப் பேசப்பட்டன. பின்னால் வந்தவற்றில் திருத்தங்கள் செய்தார்கள். என்னுடையது அந்தப் பின்வரிசையைச் சேர்ந்தது. என்றாலும் செயின் அதே இடத்தில்தான் இருக்கிறது. அதை மாற்ற வேண்டுமானால் கியர்பாக்ஸையோ எஞ்சினையோ இறக்கியாக வேண்டும். செயினுக்கும் அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனருக்கும் சுத்தமான எண்ணெய்தான் உயிர். ஒவ்வொரு சர்வீஸிலும் எஞ்சினை நிமிடத்துக்கு 1,500, 2,000 சுற்றில் ஓடவிட்டு, நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சின் பின்பக்கம் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக் கேட்கிறேன். பட்டறையில் பேரிங் சத்தம் கேட்கிற அதே முறை. உரசலோ சங்கிலி ஆடும் ஓசையோ வந்தால் அதற்குமேல் ஓட்டக்கூடாது. பழைய 320டி வாங்கப் போகிறவர்கள் காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போதே அங்கே இருங்கள். நீங்கள் போகும்போது பானெட் சூடாக இருந்தால், சாயந்திரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு மறுநாள் காலையில் போங்கள்.

கூலன்ட் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தக் காருக்கு நீல நிறக் கூலன்ட், அதோடு சரிபாதி வாலை வடித்த தண்ணீர். சிறுவாணித் தண்ணீராகவே இருந்தாலும் குழாய்த் தண்ணீர் ஊற்றக் கூடாது. கூலன்ட் மட்டம் காரணமில்லாமல் குறைந்தால் உடனே ஈ.ஜி.ஆர். கூலரைப் பாருங்கள், எஞ்சினுக்குத் திரும்பிப் போகும் புகையைக் குளிர்விக்கும் பாகம் அது. 2018-ல் தென்கொரியாவில் அந்தக் கூலர் கசிந்து கார்கள் தீப்பிடித்து, பெரிய எண்ணிக்கையில் கார்களைத் திரும்ப அழைத்தது இதே நிறுவனம். மற்ற நாடுகளுக்கும் அந்த அழைப்பு நீண்டது. உங்கள் காரின் சேஸிஸ் நம்பருக்கு முடிக்காத அழைப்பு ஏதாவது இருக்கிறதா என்று அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் கேட்டால் சொல்வார்கள். வேலையும் இலவசம்.

பேட்டரி மாற்றினால் புதிய பேட்டரியைக் காரின் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். இல்லாவிட்டால் பழைய பேட்டரிக்கு ஏற்றபடியே சார்ஜ் செய்துகொண்டிருக்கும், புதியதன் ஆயுள் குறையும். வழியில் நின்று அவசரத்துக்கு ஏதோ ஒரு பேட்டரியை மாட்டிக்கொண்டு வருவது இந்தக் காருக்கு ஆகாது.

பாகங்கள் வாங்குவதில்தான் பணம் மிச்சமாகும். சேஸிஸ் நம்பரின் கடைசி ஏழு எழுத்தைக் கொடுத்தால், உங்கள் காருக்கே உரிய பதினோரு இலக்கப் பாக எண் கிடைக்கும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு, அதே பாகத்தைச் செய்து கொடுக்கும் நிறுவனத்தின் பெட்டியில் வாங்கலாம். சஸ்பென்ஷனுக்கு லெம்ஃபோர்டர், ஃபில்டருக்கு மான் அல்லது மாலே, எலக்ட்ரிக்கலுக்கு பாஷ். கண்ணாடிக் கூடு, கதவுப் பேனல் மாதிரிச் சாமான்களைச் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் தேடுவதில் தப்பில்லை. பிரேக், சஸ்பென்ஷன், ஏர்பேக் மூன்றையும் அங்கே வாங்கவே வாங்காதீர்கள்.

டயரில் நான் நிறுவனத்தின் வழியிலிருந்து விலகிவிட்டேன். ரன் ஃபிளாட் டயர் காற்று முழுக்கப் போனாலும் 80 கிலோமீட்டர் வேகத்தில் 80 கிலோமீட்டர் ஓடும். நல்ல விஷயம்தான். ஆனால் அதன் பக்கச்சுவர் முரடு. நம் ஊர் வேகத்தடைகளில் ஒவ்வொரு அடியும் சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்ஷுக்குப் போகிறது. தாராபுரம் தாண்டி ஒரு டயர் கடையில் அதைக் கழற்ற ஆள் கிடைப்பதும் கஷ்டம். நான்கையும் ஒரே தடவையில் சாதாரண டயராக மாற்றி, டிக்கியில் ஒரு ஸ்பேர் சக்கரமும் சிறிய கம்ப்ரஸரும் வைத்திருக்கிறேன். என் அம்மா பின்சீட்டில் ஏறினால் இப்போது முதுகு வலிப்பதில்லை என்கிறார். அது எனக்குப் போதும்.

பணக் கணக்கு கேட்பவர்களுக்கு: வாங்கிய முதல் வருஷம் இரண்டு லட்சத்துக்குச் சற்று மேலே போனது. கியர்பாக்ஸ், எல்லாத் திரவங்களும், பேட்டரி, முன் பிரேக், பெல்ட்டுகள். டயர் வராத வருஷங்களில் எழுபது, எண்பதாயிரம். கையில் 15 லட்சம் இருந்தால் 15 லட்சத்துக்குக் கார் பார்க்காதீர்கள். பன்னிரண்டுக்குப் பாருங்கள், மூன்றை வங்கியில் வையுங்கள். அந்த மூன்று லட்சம் இல்லாமல் வாங்கப்பட்ட கார்கள்தான் மூன்றாவது ஓனர், நான்காவது ஓனர் என்று கைமாறிக் கடைசியில் மரத்தடியில் நிற்கின்றன.

டாக்டர் கொடுத்த ஃபைலுக்குப் பக்கத்தில் என்னுடைய ஃபைல் ஒன்று வளர்ந்து வருகிறது. அடுத்த வேலை முன்பக்கக் கண்ட்ரோல் ஆர்ம்கள், அதாவது சக்கரத்தைக் காரோடு இணைக்கும் சஸ்பென்ஷன் கைகள். மலைச்சாலையில் பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங்கில் லேசான அதிர்வு தெரிகிறது, பத்து வயதுக்கு இது நியாயமான தேய்மானம்தான். பாகங்கள் வந்து பட்டறை அலமாரியில் இருக்கின்றன. புஷ் போல்ட்டுகளை, கார் தன் எடையில் சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசியாக முறுக்க வேண்டும், ஜாக்கியில் தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் சீக்கிரம் கிழியும். வேலை முடிந்ததும் அலைன்மென்ட் அளவுகளைப் படத்தோடு எழுதுகிறேன்.