அப்பாவின் விபத்துப் பணமும் மெடிகேரின் கடிதமும்

டல்லாஸ் பக்கம் ஒரு மளிகைக் கடை பார்க்கிங்கில், பின்னால் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்த கார் தட்டி அப்பா விழுந்தார். 71 வயது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு, பிளேட், நான்கு மாதம் பிசியோதெரபி. இடித்தவரின் இன்சூரன்ஸ் கம்பெனி கடைசியில் 60,000 டாலருக்கு இறங்கி வந்தது. விட்டது தொல்லை என்று நினைத்தோம்.

அதுவரை ஆஸ்பத்திரிச் செலவை மெடிகேர், அதாவது அமெரிக்காவில் முக்கியமாக 65 வயது ஆனவர்களுக்கான அரசு மருத்துவ இன்சூரன்ஸ், கட்டியிருந்தது. அது கிட்டத்தட்ட கைமாற்று. இன்னொருவரின் இன்சூரன்ஸ் கொடுக்க வேண்டிய செலவை மெடிகேர் முன்கூட்டிக் கட்டினால், நஷ்டஈடு வந்ததும் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்று 1980இல் இருந்தே சட்டம் இருக்கிறது. அப்பாவுக்கு இது கடைசிவரை பிடிபடவில்லை. "இருபது வருஷம் சம்பளத்துல பிடிச்சாங்களே, அந்தக் காசுதானடா இது?" என்றார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

முதலில் வந்த கடிதத்தில் 18,640 டாலர் என்று இருந்தது. வக்கீல் ஆபீஸில் ஒரு பெண், இதைக் கழித்துக்கொண்டு மீதியை அனுப்பிவிடலாம், கையெழுத்துப் போடுங்கள் என்றார். நல்லவேளை போடவில்லை. அது இடைக்காலக் கணக்குதான். பின்னால் ஒரு பட்டியல் இருந்தது. தேதி, டாக்டர் பெயர், நோய்க் குறியீடு, மெடிகேர் உண்மையில் கட்டிய தொகை. (ஆஸ்பத்திரி போட்ட பில் தொகையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மெடிகேர் கேட்பது தான் கட்டியதை மட்டும்தான்.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மஞ்சள் மார்க்கரோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன். எஸ்82 என்று தொடங்கினால் கால் முறிவு, சரி. ஈ11 என்றால் சர்க்கரை வியாதி. அது பார்க்கிங்கில் வந்ததா என்ன? சர்க்கரையால் கண்ணுக்குப் போட்ட ஊசிகள், வழக்கமான இதயப் பரிசோதனை எல்லாம் அதே பட்டியலில் இருந்தன. காலில் ரத்தக்கட்டு இருக்கிறதா என்று எடுத்த ஒரு ஸ்கேனையும் அடித்துவிட்டு, அப்புறம் யோசித்து, ஆபரேஷனால்தானே அதை எடுத்தார்கள் என்று திரும்பச் சேர்த்தேன். கண் டாக்டரிடம் ஒரு கடிதமும் வாங்கி, வக்கீல் மூலமாக ஆட்சேபம் போட்டோம். ஒன்றரை மாதம் கழித்துத் தொகை 14,000 ஆனது.

அடுத்தது எனக்குச் சுத்தமாகத் தெரியாத விஷயம். பணத்தை வாங்கித் தர ஆன செலவில் மெடிகேரும் தன் பங்கை ஏற்கும். வக்கீல் பீஸ் மூன்றில் ஒரு பங்கு 20,000, இதர செலவு 1,000, ஆக 60,000க்கு 35 சதவீதம். அதே 35 சதவீதம் மெடிகேரின் தொகையிலும் குறையும். 14,000 என்பது 9,100 ஆனது. ஆனால் செட்டில்மென்ட் விவரத்தோடு பீஸ், செலவுக் கணக்கையும் நாம் அனுப்பினால்தான் குறைப்பார்கள்.

இறுதிக் கடிதம் வந்துவிட்டால் 60 நாளுக்குள் கட்டிவிட வேண்டும்; தவறினால் கடிதத் தேதியிலிருந்தே வட்டி ஓடும். அப்பீலுக்கு 120 நாள் உண்டு, ஆனால் அப்பீல் போட்டிருக்கிறோம் என்று வட்டி நிற்காது என்றதால், அப்பீல் போடுவதானாலும் முதலில் கட்டிவிடுங்கள் என்றார் வக்கீல். நாங்கள் அப்பீலுக்கே போகவில்லை.

நண்பன் ஒருவனின் அம்மாவுக்கு மெடிகேர் அட்வான்டேஜ், அதாவது தனியார் கம்பெனி நடத்தும் திட்டம். அங்கே கட்டியது அந்தக் கம்பெனி என்பதால், மெடிகேரிடம் கேட்டால் பாக்கி ஒன்றுமில்லை என்றே வரும். கம்பெனியிடம் தனியாகக் கேட்க வேண்டும். அவன் கேட்கவில்லை, எட்டு மாதம் கழித்துக் கடிதம் வந்து நின்றது.

அப்பா கைக்கு 29,900 வந்தது. மெடிகேர் மீது இப்போது அவருக்குக் கோபமில்லை. வக்கீலுக்குப் போன 20,000தான் இன்னும் சாப்பிடும்போதெல்லாம் வருகிறது.