நாலு பேர் ஊற்றிய தண்ணீர்

ஆர்கிட் இலை தொங்கிப் போனதும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் கருணை பொங்கிவிட்டது. வினையே அதுதான்.

போன ஞாயிறு வெளிப் பீங்கான் தொட்டியிலிருந்து உள் தொட்டியைத் தூக்கினேன். அடியில் நாலு விரல் ஆழத்துக்குத் தண்ணீர். கொசுப்புழுக்கள் நீச்சல் பழகிக்கொண்டிருந்தன. ஒரு வேரைப் பிடித்தால் தோல் மட்டும் உறை மாதிரி கையோடு வந்தது, உள்ளே மிச்சம் ஒரு நூல்.

விசாரணைக் கமிஷன் கூடியது. அத்தை தினமும் காலையில் ஒரு சொம்பு. இவர் ஆபீஸ் கிளம்பும்போது பாட்டிலில் மிச்சமிருப்பது. சின்னது சாயங்காலம் மூன்று ஐஸ் கட்டி, ஏதோ வீடியோவில் பார்த்தாளாம். அப்புறம் நான். இந்த வீட்டில் இதைக் கவனிக்க நாதியில்லை என்று புலம்பிக்கொண்டே ராத்திரி ஒரு டம்ளர்.

அந்தச் செடியையும் சும்மா சொல்லக் கூடாது. தாகத்திலும் இலை சுருங்குகிறது, வேர் அழுகினாலும் சுருங்குகிறது. அழுகின வேர் எப்படித் தண்ணீர் உறிஞ்சும்? முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டு தாகத்தில் வாடுகிற ஜீவனைப் பார்த்து நாங்கள் மறுபடி மறுபடி ஊற்றியிருக்கிறோம்.

"இது காட்டுல மரத்து மேல தொத்திக்கிட்டு வளர்றது அத்தை. மழை பெய்யும், வேர் பஞ்சு மாதிரி குடிச்சுக்கும், உடனே காத்துல காஞ்சிடணும்."

"மரத்து மேல இருக்கறதுக்குத் தினம் யாரும்மா ஏறிப் போய் ஊத்துறா?"

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"நீயும்தானே ஊத்தின?"

பேச்சை மாற்றினேன். அழுகினதையெல்லாம் வெட்டியதில் தேறியது நாலு வேர். புது மரப்பட்டை போட்டு நட்டு, சட்டம் அறிவித்தேன்: வேர் பச்சையாக இருந்தால் யாரும் கிட்டேயே போகக் கூடாது. வெள்ளி மாதிரி வெளுத்தால்தான் தண்ணீர், அதுவும் காலையில், அடியில் முழுக்க வடியும்படி. நடுக்குருத்தில் ஒரு சொட்டுத் தேங்கினாலும் அழுகல்தான். கிழமை பார்த்து ஊற்றுகிற வேலை வேண்டாம். வெயில் காலத்தில் ஐந்து நாளில் காயும், மழைக்காலத்தில் பத்து நாளானாலும் காயாது.

இன்று காலை ஐந்தரை. ஞாயிற்றுக்கிழமை. அத்தை என்னை உலுக்குகிறார், கையில் டார்ச். "எழுந்திரும்மா, வெளுத்துடுச்சு." கண்ணாடி மாதிரித் தெரிகிற தொட்டிக்குள் வெளிச்சம் அடித்தே பார்த்திருக்கிறார். ஒரு வாரமாகத் தினமும் இதே வேலையாம்.

சத்தத்துக்கு மற்ற இரண்டும் எழுந்து வந்துவிட்டன. சிங்க்கைச் சுற்றி நாலு தலை. குழாயை மெல்லத் திறந்தேன். தண்ணீர் பட்டதும் வெள்ளை வேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சையாக மாறியது. சின்னது கைதட்டினாள்.

"ஏய், குருத்துல தெறிச்சுடுச்சு" என்று பதறினார் அத்தை. முந்தானை நுனியைத் திரி மாதிரி முறுக்கி, இரண்டு இலைக்கு நடுவில் விட்டு ஒற்றி எடுத்தார். எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை விட்டு ஒற்றினார்.