மண்ணியல் முதுநிலை: வகுப்பு எளிது, ஆய்வகம்தான் உயிரை வாங்கியது

மண்ணியலில் முதுநிலை ஆய்வேட்டை ஒருவழியாகச் சமர்ப்பித்துவிட்டேன். பட்ட எரிச்சல் இன்னும் ஆறவில்லை. ஆறுவதற்குள் எழுதிவிட்டால் அடுத்து சேர்கிறவர்களுக்காவது உதவும்.

வகுப்புகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மண்ணியலாளர் ஹான்ஸ் யென்னி 1941இல் வகுத்துச் சொன்ன, மண் உருவாவதற்கான ஐந்து காரணிகள் (தட்பவெப்பம், உயிரினங்கள், நிலத்தின் ஏற்ற இறக்கம், தாய்ப்பாறை, காலம்), அமெரிக்க மண் வகைப்பாட்டின் 12 பெரும்பிரிவுகள், களிமண்ணின் அயனிப் பரிமாற்றம் எல்லாம் உட்கார்ந்து படித்தால் வந்துவிடும். தேர்வும் அப்படித்தான். ஆய்வேட்டுக்காக மண் எடுக்கக் கிளம்பும் நாளில்தான் கதை மாறுகிறது.

என் தலைப்பு: மரங்கள் வளர்ந்த நிலத்திலும் பக்கத்திலேயே உழுது பயிரிடும் நிலத்திலும் மேல் 30 செ.மீ. மண்ணில் எவ்வளவு கரிமம் (கார்பன்) இருக்கிறது என்று ஒப்பிடுவது. மரங்கள் இருந்த இடம் வேறொரு நிறுவனத்துக்குச் சொந்தம். துறைத் தலைவர் கையெழுத்தோடு கடிதம் வாங்கிக்கொண்டு, மண்வெட்டி, ஆகர் (மண்ணைத் துளைத்தெடுக்கும் கருவி), கோர் வளையங்கள் (மண்ணைக் குலையாமல் எடுக்கும் உலோக வளையங்கள்) எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிப் போய் இறங்கினால், வாசலில் இருந்தவர் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "இதுல பார்வையிடன்னுதானே போட்டிருக்கு? தோண்டன்னு எங்க இருக்கு?" என்றார். அலுவலகத்தில் வழக்கமாக அடித்துத் தரும் வாசகம் அது. எல்லாத் துறைக்கும் ஒரே கடிதம். கொண்டுபோன அத்தனையையும் திரும்ப ஏற்றிக்கொண்டு வந்தோம். ஆகவே கடிதத்தை நீங்களே எழுதிக்கொண்டு போய்க் கையெழுத்து மட்டும் வாங்குங்கள். குழி தோண்டுவோம், எவ்வளவு ஆழம், ஏறத்தாழ எத்தனை கிலோ மண் வெளியே போகும், யார் யார் வருகிறார்கள், வேலை முடிந்ததும் குழியை மூடிவிடுவோம் என்று எல்லாம் அதில் இருக்கட்டும். குழியை மூடுவோம் என்ற அந்தக் கடைசி வரிதான் எங்களுக்குக் கதவைத் திறந்தது.

குழிக்குள் இறங்கிய பிறகு எந்தத் தொந்தரவும் இல்லை. மன்செல் அட்டையில் (மண்ணின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் வண்ண அட்டை) நிறம் பார்ப்பதை மட்டும் வெயில் நன்றாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். மாலை மஞ்சள் வெளிச்சத்தில் எல்லா மண்ணும் கொஞ்சம் சிவந்துதான் தெரியும்.

மாதிரிகளை நிழலில் உலர்த்த ஒரு அறை ஒதுக்கியிருந்தார்கள். நடுவில் ஏதோ கூட்டம் நடத்த அந்த அறை வேண்டும் என்று யாரோ எல்லாப் பைகளையும் தாழ்வாரத்தில் குவித்துவிட்டார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பைக்கு வெளியே மார்க்கரில் எழுதியிருந்ததெல்லாம் ஒன்றோடொன்று உரசி அழிந்துபோயிருந்தது. கூடப் படித்தவர் ஒருவர் எந்தப் பை எந்த ஆழம் என்று தெரியாமல் மறுபடியும் வயலுக்குப் போனார். என் வழிகாட்டி முதலிலேயே ஒன்று சொல்லியிருந்தார்: பிளாஸ்டிக் பட்டையில் பென்சிலால் எழுதி உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. ஈர மண்ணுக்குள் காகிதம் போட்டால் ஊறிக் கூழாகிவிடும். அந்த ஒரு யோசனையால் என் மாதிரிகள் பிழைத்தன.

அடுத்தது ஓவன். பருமன் அடர்த்திக்கு (இடைவெளிகளையும் சேர்த்த கன அளவில் எவ்வளவு உலர்ந்த மண் இருக்கிறது என்ற கணக்கு) எடுத்த வளைய மண்ணை 105 டிகிரியில் எடை மாறாத வரை உலர்த்த வேண்டும். துறைக்கே உருப்படியாக வேலை செய்யும் ஓவன் ஒன்றுதான். இரவு வைத்துவிட்டுப் போய் மறுநாள் பார்த்தால் திரையில் 65 என்று இருக்கிறது! இலை மாதிரி உலர்த்த வந்த வேறொரு பிரிவினர் தங்கள் தட்டுகளையும் உள்ளே தள்ளி வெப்பத்தைக் குறைத்திருக்கிறார்கள். இலைக்கு அது சரி; களி அதிகமுள்ள மண்ணுக்கு அந்தச் சூட்டில் ஈரம் முழுதாகப் போகாது. மிச்ச ஈரத்தோடு எடை போட்டால் அடர்த்தி கூடுதலாக வரும். அதோடு நிற்காது. ஒரு ஹெக்டேரில் எத்தனை டன் கரிமம் என்று கணக்கிட, கரிம விழுக்காட்டை அடர்த்தியாலும் ஆழத்தாலும் பெருக்குகிறோம். 1% கரிமம், அடர்த்தி 1.3, ஆழம் 30 செ.மீ. என்றால் ஹெக்டேருக்கு 39 டன். அடர்த்தி எத்தனை விழுக்காடு தப்பாகிறதோ அத்தனை விழுக்காடு இந்த விடையும் தப்பாகும். நல்லவேளையாக வளைய மண்ணைத் திரும்ப உலர்த்த முடியும். 105இல் மறுபடி வைத்து, எடை போட்டு, மீண்டும் வைத்து, இரண்டு எடையும் ஒன்றாக வந்த பிறகுதான் குறித்துக்கொண்டேன். ஓவனில் பெயரும் வெப்பநிலையும் எழுதி ஒட்டியும் பலனில்லை என்பதால், பொது விடுமுறைக்கு முந்தைய மாலையில் வைப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

இதெல்லாம் ஒரு பக்கம். என்னைத் தலையால் தண்ணீர் குடிக்க வைத்தது, வேதிப்பொருளும் கருவியும் கொடுக்கும் ஸ்டோர்தான்.

கரிமத்துக்கு நாங்கள் செய்தது 1934இலிருந்து புழங்கும் வாக்லி-பிளாக் முறை. மண்ணோடு 1 நார்மல் (நார்மல் என்பது கரைசலின் வலுவைக் குறிக்கும் அலகு) பொட்டாசியம் டைகுரோமேட் 10 மி.லி., அடர் கந்தக அமிலம் 20 மி.லி. சேர்த்து அரை மணி நேரம் விட்டு, நீர் சேர்த்து, மிஞ்சிய டைகுரோமேட்டை 0.5 நார்மல் ஃபெரஸ் அமோனியம் சல்ஃபேட்டால் டைட்ரேட் செய்ய வேண்டும், அதாவது சொட்டுச் சொட்டாக விட்டு எவ்வளவு செலவாகிறது என்று அளக்க வேண்டும். நிறங்காட்டியான டைஃபீனைலமீன் போட்டதும் கருநீலமாக இருக்கும் கரைசல், முடிவுப்புள்ளியில் ஒரே சொட்டில் பளிச்சென்று பச்சையாகும். இந்த வேதிப்பொருள்களுக்கு ஸ்டோரில் இன்டென்ட் (பொருள் கேட்கும் படிவம்) போட்டால் ஒரு கையெழுத்து குறைகிறது என்று திருப்பி அனுப்பினார்கள். கையெழுத்தோடு போனால் ஆள் இல்லை. கடைசியில் கையில் கொடுத்த ஃபெரஸ் பாட்டிலைத் திறந்தால், வெளிர்பச்சையாக இருக்க வேண்டிய உப்பு மஞ்சளும் பழுப்புமாகக் கட்டி தட்டிக் கிடந்தது. மாற்றிக் கேட்டதற்கு, "எல்லாரும் இதைத்தான் போடறாங்க, யாரும் ஒண்ணும் சொல்லலையே" என்று பதில்.

மண்ணே போடாமல் பிளாங்க் ஓட்டினேன். கணக்குப்படி 20 மி.லி.யில் முடிய வேண்டியது, 24ஐத் தொட்டது. அதாவது அந்தக் கரைசலின் வலு 0.5 இல்லை, 0.42தான். இதைக் கவனிக்காமல் 0.5 என்றே கணக்குப் போட்டால் ஒவ்வொரு மண்ணிலும் கரிமம் 20% அதிகமாகக் காட்டும். பார்க்க அழகான முடிவாக இருக்கும், அத்தனையும் பொய்! பிளாங்க் எழுதிய தாளை வழிகாட்டியிடம் காட்டினேன். அவர் ஸ்டோருக்கு எழுதியதும் புதுப் பாட்டில் வந்தது. அந்தத் தாள் இல்லாவிட்டால் வாய்ப்பேச்சோடு போயிருக்கும்.

புதுப் பாட்டிலானாலும் கரைத்து வைத்தால் காற்றுப் பட்டு வலு குறைந்துகொண்டேதான் இருக்கும். தினமும், ஒவ்வொரு தொகுதிக்கும் பிளாங்க் ஓட்டுங்கள். அன்றைய பிளாங்கை வைத்தே அன்றைய மண்ணைக் கணக்கிடுங்கள். விடை ஏற்கெனவே தெரிந்த ஒரு மண்ணையும் ஒவ்வொரு தொகுதியிலும் கூடவே ஓட்டுங்கள். அது தப்பினால் அந்தத் தொகுதியே தப்பு. இந்த முறை எல்லாக் கரிமத்தையும் பிடிப்பதில்லை, சராசரியாக 77% என்று எடுத்துக்கொண்டுதான் 1.3ஆல் பெருக்குகிறோம். உங்கள் எண்ணில் அந்தப் பெருக்கல் உண்டா இல்லையா என்று ஆய்வேட்டில் எழுதிவிடுங்கள், வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே எனக்கு அதுதான். அப்புறம், டைகுரோமேட் கழிவைத் தொட்டியில் ஊற்றச் சொன்னால் ஊற்றாதீர்கள். அதில் இருக்கும் ஆறிணைதிறன் குரோமியம் புற்றுநோய் தரக்கூடியது. தனிக் கேன் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, நிலுவை இல்லை என்ற சான்று. இது இல்லாமல் ஆய்வேட்டை வாங்கமாட்டார்கள். ஸ்டோர் பதிவேட்டில் ஒரு ஹைட்ரோமீட்டர் (திரவத்தின் அடர்த்தியை அளக்கும் மிதவைக் கருவி) என் பெயரில் திரும்பி வராமல் நின்றது. நான் கொடுத்து மாதக்கணக்காகிவிட்டது. "பதிவேட்டுல இல்லைன்னா வரலைன்னுதான் அர்த்தம்" என்றார் அங்கிருந்தவர். திருப்பிக் கொடுத்த அன்று வாங்கியவர் கையெழுத்துப் போட்ட தாளை போனில் படம் பிடித்து வைத்திருந்தேன். காட்டியதும் அலமாரியைத் திறந்து பார்த்தார். ஹைட்ரோமீட்டர் இரண்டாம் தட்டில், பெட்டியோடு, என் மாதிரி எண் எழுதிய ஒட்டுத்தாள்கூடக் கிழியாமல் இருந்தது. ஒன்றும் பேசாமல் முத்திரை குத்திக் கொடுத்தார்.

மீதி மண்ணை இன்னும் கொட்டவில்லை. பட்டம் கையில் வரும்வரை நீங்களும் கொட்டாதீர்கள். தேர்வாளர் ஏதாவது ஒரு மாதிரியை மறுபடி ஓட்டிக் காட்டச் சொன்னால் அது வேண்டும்.