பூஞ்சை புடிச்ச திராட்சையும் போயாக் சிவப்பும்

பிரான்ஸ்ல ஒயினுக்குப் பேர்போன போர்தோ போறவங்க பாதிப்பேரு நேரா சிவப்பு ஒயின் பகுதியான மெதோக்குக்குத்தான் ஓடுவாங்க, லஃபீத், லத்தூர்னு பெரிய ஒயின் தோட்டங்களோட பேர் போட்ட கேட் முன்னாடி நின்னு போட்டோ எடுக்க. எனக்கு முதல்ல இனிப்பு வெள்ளை ஒயின் செய்யுற சோத்தேர்ன் பாக்கணும்னு ஆசை. போர்தோ பெரிய ஸ்டேஷன்ல ட்ரெயின் ஏறி லாங்கோன்ல இறங்கி அங்கேருந்து டாக்ஸி.

அக்டோபர்ங்கிறதால காலைல பத்தடி தள்ளி என்ன இருக்குன்னே தெரியாத அளவுக்கு பனிமூட்டம். சிரோன்னு ஒரு குட்டி ஆறு, மரநிழல்லயே ஓடி வர்றதால தண்ணி சில்லுன்னு இருக்கும், அது கரோன் ஆத்தோட வெதுவெதுப்பான தண்ணில சேர்ற எடத்துல இந்த மூட்டம் கெளம்புதாம். அந்த ஈரத்துல போட்ரைட்டிஸ்னு ஒரு பூஞ்சை திராட்சைல புடிச்சு தோலை துளைச்சிடும், மத்தியானம் வெயில் அடிச்சா உள்ள இருக்கிற தண்ணி ஆவியாகி சர்க்கரையும் புளிப்பும் சுண்டி நிக்கும். வெயில் வரலையா, வெறும் அழுகல்தான், அந்த வருஷம் அவ்ளோதான்.

ஒரு கொத்தை கிட்டக்க பாத்தேன். அதுலயே ஒரு பழம் தங்க நிறம், பக்கத்துல ஒண்ணு ஊதாவும் பழுப்புமா, இன்னொண்ணு சுருங்கி மேல சாம்பல் படிஞ்சு கெடக்கு. கடைல பாத்தா தொடக்கூட மாட்டோம், ஆனா இவங்களுக்கு வேணுங்கிறதே அதுதான். அதனால ஒரே நாள்ல அறுத்துட்டு வர முடியாது, வாரக்கணக்கா திரும்பத் திரும்பப் போய் பதமானதை மட்டும் கிள்ளிட்டு வரணும். இங்க பெரிய பேரான ஷத்தோ திக்கெம் தோட்டத்துல ஒரு கொடிக்கு ஒரு கிளாஸ்தான் தேறும்னு சொல்லுவாங்க, 2012ல தரம் சரியில்லன்னு பாட்டிலே போடாம விட்டுட்டாங்க. அந்த நெஞ்சுரம் எனக்குப் புடிச்சிருக்கு.

டேஸ்டிங்ல மொதல்ல இளசு, வெளிர் மஞ்சள், ஆப்ரிகாட்டும் தேனும். அடுத்து நல்லா வயசானது, தேன் நிறம் போய் செம்புக்கு வந்திருச்சு, ஆரஞ்சுத் தோல், கருகின சர்க்கரை வாசம், ஆனா முழுங்கினதும் திகட்டவே இல்ல, கடைசில ஒரு புளிப்பு வந்து வாயை கழுவி விட்டுட்டுப் போகுது. இந்த ஒயின் பல வருஷம் தாங்குறதுக்கு சர்க்கரை மட்டும் காரணம் இல்ல, அந்தப் புளிப்பும்தான். துப்புறதுக்கு பக்கெட் வச்சிருந்தாங்க, இதைப் போய் யாராவது துப்புவாங்களா?

மெதோக்ல இருக்கிற போயாக் ஊருக்குப் போனா அப்படியே வேற உலகம். மண்ணுக்குப் பதிலா கூழாங்கல், கபர்னே சொவின்யோன்ங்கிற கருந்திராட்சைதான் ராஜா. ஓக் பீப்பாய்லேருந்து நேரா ஊத்திக் குடுத்த இளசு, பிஞ்சு வாழைக்காயக் கடிச்ச மாதிரி ஈறெல்லாம் இழுத்துப் புடிச்சிருச்சு, அதான் டானின். அதே தோட்டத்து 2005 வருஷ ஒயினைக் குடிச்சா அந்த முரட்டுத்தனம் அடங்கி, தேவதாரு மரமும் சுருட்டுப் பெட்டியும் கலந்த வாசம், துவர்ப்பு இருக்கு, ஆனா உறுத்தல.

எனக்கு சுவாரசியமா பட்டது என்னன்னா, சோத்தேர்ன்காரங்க காத்துக் கெடக்கிற அந்தப் பூஞ்சை இங்க வந்தா சிவப்போட நிறமே கெட்டுப்போயிடும். அதனால போர்தோல நல்ல வருஷம்னு யாராச்சும் சொன்னா எதுக்குன்னு கேளுங்க. 2013 சிவப்புக்கு மோசம், சோத்தேர்னுக்கு நல்லாவே அமைஞ்சது. 2001ல சிவப்பு சுமாரா நல்லாதான் இருந்துச்சு, இனிப்பு ஒயின் இன்னிக்கும் பேசுற அளவுக்கு வந்துச்சு.

1855ல போர்தோ ஒயின் தோட்டங்களைத் தரவரிசைப்படுத்தினப்போ சிவப்புல நாலு தோட்டத்துக்கு முதல் இடம் (மூட்டோன்ங்கிற தோட்டம் 1973லதான் அஞ்சாவதா சேந்துச்சு), ஆனா அதுக்கும் மேலன்னு தனி இடம் குடுத்தது திக்கெமுக்கு மட்டும்தான். இன்னிக்கு கூட்டமும் காசும் சிவப்பு பக்கம். திக்கெமை விட்டா மத்த நல்ல சோத்தேர்ன், பக்கத்து ஊரு பார்சாக் இனிப்பு ஒயின் எல்லாம் அவங்க படுற பாட்டுக்கு சல்லிசாவே கெடைக்குது. அரை பாட்டில் வாங்குங்க, ஃப்ரிட்ஜ்ல வச்சு சில்லுன்னு எடுத்து ரோக்ஃபோர்ங்கிற நீலப் பூஞ்சை சீஸோட குடிங்க, டெசர்ட்டோட வேண்டாம், ரெண்டு இனிப்பும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கும்.