'ஆம்' கட்டத்தில் டிக் போடுங்கள்

2018-ல் சிட்னியில் இறங்கியபோது என் கைப்பையில் ஓர் ஆப்பிள் இருந்தது. விமானத்தில் காலைச் சாப்பாட்டோடு கொடுத்தது. அப்போது பசியில்லை, அப்புறம் சாப்பிடலாம் என்று பையின் பக்கவாட்டு அறையில் செருகி வைத்தேன். செருகியதோடு மறந்தும் போனேன். தரையிறங்குவதற்கு முன்பு வருகை அட்டை கொடுத்தார்கள். உணவுப் பொருள், பழம், விதை, மரத்தால் செய்த பொருள் ஏதாவது கொண்டுவருகிறீர்களா என்று அதில் கேள்விகள். என் மனதில் இருந்ததெல்லாம் சரக்கில் போட்ட பெரிய பெட்டிதான். அதில் அப்படி எதுவும் இல்லை. எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டேன்.

பாஸ்போர்ட் சோதனை சுலபமாகவே முடிந்தது. பெட்டி வரும் இடத்தில் நின்றுகொண்டிருந்தபோது, ஒரு லாப்ரடார் நாயைக் கூட்டிக்கொண்டு அதிகாரி ஒருவர் வரிசை வரிசையாக வந்தார். நாய் குரைக்கவில்லை, பையைப் பிறாண்டவில்லை. என் காலருகே வந்து மூக்கை ஒருமுறை பையில் வைத்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டது. வாசனை தெரிந்தால் உட்கார வேண்டும் என்பதுதான் அதன் பயிற்சி என்று எனக்கு அப்போது தெரியாது. அதிகாரி இடுப்புப் பையிலிருந்து ஒரு தீனியை எடுத்து அதற்குக் கொடுத்துவிட்டு, பையைத் திறந்து காட்டச் சொன்னார். ஆப்பிள் வெளியே வந்தது. அபராதம் 420 ஆஸ்திரேலிய டாலர்.

பணம் போனதைவிட அவர் சொன்ன ஒரு வார்த்தைதான் எனக்கு வலித்தது. அட்டையில் 'ஆம்' போட்டிருந்தால் ஆப்பிளை அங்கே இருக்கும் தொட்டியில் போட்டுவிட்டு நேராகப் போயிருக்கலாம், ஒரு காசு கட்ட வேண்டியதில்லை என்றார். ஆப்பிள் கொண்டுவந்தது குற்றமில்லை, கையெழுத்துப் போட்டுத் தவறான பதில் கொடுத்ததுதான் குற்றம்.

இதைக் கெடுபிடி என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு பழத்துக்குள் பழ ஈயின் முட்டை இருந்தால் வெளியே தெரியாது. கோமாரி நோய் கடைசியாக ஆஸ்திரேலியாவில் வந்தது 1872-ல். அதற்குப் பிறகு அந்த நாடு அதை உள்ளே விடவில்லை. ஆசியாவில் பன்றிகளைக் கொல்லும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவிக்கொண்டிருந்த 2019-ல் அங்கே சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள். சுற்றுலா விசாவில் வருபவர் இந்த விதியை மீறினால் விசாவையே ரத்து செய்யலாம் என்றானது. அந்த ஆண்டு அக்டோபரில் சொல்லாமல் பச்சைப் பன்றி இறைச்சி கொண்டுவந்த ஒருவரை சிட்னியிலிருந்தே திருப்பி அனுப்பினார்கள். அபராதத் தொகையும் நான் கட்டியதைவிட இப்போது வெகுவாகக் கூடிவிட்டது.

அன்றிலிருந்து முதல் முறை வெளிநாடு போகிற யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: சந்தேகமா, 'ஆம்' போடுங்கள். பயத்தில்தான் நேர்மையானவர்களும் 'இல்லை' போடுகிறார்கள். 'ஆம்' போட்டால் தனியாக ஓரமாக நிறுத்திவிடுவார்கள், நேரமாகும், பெட்டியைக் கலைத்துவிடுவார்கள் என்ற பயம். பத்து நிமிடம் ஆகும், உண்மைதான். திறந்து பார்ப்பார்கள். ஆகாததை எடுத்துக்கொள்வார்கள், மற்றதைத் திருப்பிக் கொடுப்பார்கள். அவ்வளவுதான். பச்சை வழி, சிவப்பு வழி என்று இரண்டு இருக்கும் விமான நிலையங்களிலும் இதே கதைதான். சொல்ல எதுவும் இல்லாதவர்களுக்குப் பச்சை, சொல்ல ஏதாவது இருப்பவர்களுக்குச் சிவப்பு. சிவப்பில் நுழைவது தப்பு செய்தவர்கள் என்று யாரும் பார்ப்பதில்லை.

பணத்திலும் இந்தக் குழப்பம் உண்டு. அமெரிக்காவுக்குள் 10,000 டாலருக்கு மேல் கொண்டுபோகக் கூடாது என்று பலர் நம்புகிறார்கள். அப்படி ஒரு வரம்பு இல்லை. எவ்வளவு வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். 10,000 டாலரைத் தாண்டினால் தெரிவிக்க வேண்டும், அவ்வளவுதான். குடும்பமாகச் சேர்ந்து போகும்போது ஆளுக்கு 6,000 என்று பிரித்து வைத்துக்கொண்டு தப்பிக்கவும் முடியாது, மொத்தமாகக் கணக்குப் பார்ப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழையும்போது ஆளுக்கு 10,000 யூரோ அல்லது அதற்கு மேல் இருந்தால் சொல்ல வேண்டும். தெரிவித்தால் வரி எதுவும் பிடிக்க மாட்டார்கள். தெரிவிக்காமல் பிடிபட்டால்தான் பணத்துக்கே ஆபத்து.

அடுத்து அம்மா விஷயம். என் தங்கை சிகாகோவில் இருக்கிறாள். அம்மா இதுவரை மூன்று முறை போய் வந்திருக்கிறார். முதல் முறை நான் கூடப் போனேன்.

அம்மாவுக்குத் தினமும் ஏழு மாத்திரை. அட்டையிலிருந்து பிரித்து, காலை, மதியம், இரவு என்று எழுதிய பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுவைப்பது பழக்கம். பயணத்துக்கு மட்டும் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். டப்பாவில் கிடக்கிற வெள்ளை மாத்திரை என்னவென்று எந்த அதிகாரிக்கும் தெரியப்போவதில்லை. மருந்து அதன் அட்டையோடு, பெட்டியோடு, மருத்துவர் எழுதிய சீட்டோடு இருக்க வேண்டும். சீட்டில் கம்பெனி வைத்த பெயர் மட்டும் போதாது, மருந்தின் பொதுப் பெயரையும் எழுதி வாங்குங்கள். கம்பெனிப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். ஒரு நாட்டில் சாதாரணமாகக் கிடைக்கும் மருந்து இன்னொரு நாட்டில் சட்டச் சிக்கல் ஆகலாம். மூக்கடைப்புக்குக் கொடுக்கும் சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் கலந்த மாத்திரையை ஜப்பானுக்குள் கொண்டுபோக முடியாது. கோடீன், டிரமடால் கலந்த வலி மருந்துகளுக்கு ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்பாடு உண்டு, முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். போகிற நாட்டின் அரசு இணையதளத்தில் உங்கள் மருந்தின் பெயரைத் தேடிப் பார்த்துவிடுங்கள். எத்தனை நாளுக்கான மருந்து கொண்டுபோகலாம் என்பதும் அங்கேயே இருக்கும்.

சிகாகோவில் இமிகிரேஷன் கவுன்டரில் அம்மாவுக்குக் கைரேகை விழவில்லை. பச்சை வெளிச்சம் வரும் கண்ணாடியில் வலது கையின் நான்கு விரல்களை வைக்கச் சொன்னார்கள். வைத்தார். அதிகாரி தலையை ஆட்டி, இன்னொரு முறை என்றார். மறுபடியும் விழவில்லை. ஐம்பது வருடம் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்துத் தேய்ந்த விரல்கள். கோடுகள் மழுங்கிப்போய், பார்த்தாலே வழவழவென்று இருக்கும். வயதில் தோலும் வறண்டு போயிருந்தது. அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. தன் கையில் ஏதோ குறை, அதனால் உள்ளே விட மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார். அதிகாரி எழுந்து நின்று, தன் நெற்றியில் விரல்களைத் தேய்த்துக் காட்டினார். நெற்றியில் இருக்கும் லேசான எண்ணெய்ப் பசை போதுமாம். அம்மா நெற்றியைத் தேய்த்துவிட்டு வைத்ததும் இயந்திரம் எடுத்துக்கொண்டது. இப்போதெல்லாம் இறங்குவதற்கு முன்பு அம்மா கையில் கொஞ்சம் க்ரீம் தடவிக்கொள்கிறார். வயதானவர்களை அனுப்புகிறவர்கள் இதைச் சொல்லி அனுப்புங்கள். ஐரோப்பாவிலும் இனி இது தேவைப்படும். 2025 அக்டோபர் 12-லிருந்து ஷெங்கன் எல்லைகளில், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் எல்லைகளில், முத்திரைக்குப் பதிலாகக் கைரேகையும் முகப்படமும் பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறார்கள்.

இரண்டாம் முறை அம்மா தனியாகப் போனார். அப்போது நான் ஒரு தப்பு செய்தேன். கேள்வியும் பதிலுமாக எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்தேன். முதல் கேள்வி எதற்காக வந்தீர்கள், பதில் மகளைப் பார்க்க. இரண்டாவது கேள்வி எத்தனை நாள், பதில் மூன்று மாதம். அங்கே அதிகாரி வேறு வரிசையில் கேட்டிருக்கிறார். யார் வீட்டில் தங்குவீர்கள் என்று அவர் கேட்க, அம்மா மூன்று மாதம் என்றிருக்கிறார். மகள் என்ன வேலை செய்கிறாள் என்று கேட்க, மகளைப் பார்க்க என்றிருக்கிறார். அதிகாரிக்குச் சந்தேகம் வந்து தனி அறைக்கு அனுப்பிவிட்டார். வெளியே தங்கை ஒன்றே முக்கால் மணி நேரம் காத்திருந்தாள். எனக்கு இங்கே தூக்கமில்லை.

அந்த அறையில் தொலைபேசியில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை இணைத்தார்கள். அதற்கப்புறம் எல்லாம் சரியாகிவிட்டது. அம்மாவே சொன்னது: "தமிழ்ல கேட்டாங்க, உள்ளதைச் சொன்னேன். உனக்கு ரெண்டு பொண்ணாம்மா, ஊருக்கு எப்போ திரும்புவேன்னு கேட்டாங்க. டிக்கெட்டைக் காட்டினேன். விட்டுட்டாங்க." உள்ளதைச் சொல்ல மனப்பாடம் எதற்கு? அம்மாவை ஒரு வார்த்தை தமிழில் பேச விட்டிருந்தால் முதல் கவுன்டரிலேயே முடிந்திருக்கும். 'தமிழ், இன்டர்ப்ரெட்டர் ப்ளீஸ்' என்ற மூன்று சொற்களை மட்டும் கற்றுக்கொடுத்திருந்தால் போதும். அந்தத் தனி அறையும் கைது இல்லை. கூடுதலாக விசாரிக்க ஓர் இடம். அங்கே போகிறவர்களில் பலரும் கொஞ்ச நேரத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். விசா கையில் இருந்தாலும் உள்ளே விடுவதா என்பதைக் கவுன்டரில் இருப்பவர்தான் முடிவு செய்கிறார், அதனால் கேட்பது அவர் வேலை என்று நினைத்து நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். கேட்டதற்கு மட்டும் சொன்னால் போதும்.

உள்ளே விட்டதும் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் எத்தனை நாள் இருக்கலாம் என்பதை விசாவில் உள்ள தேதி சொல்வதில்லை, ஐ-94 என்ற பதிவில் உள்ள தேதிதான் சொல்கிறது. பத்து வருட விசா வைத்திருப்பவருக்கும் ஆறு மாதம்தான் கொடுத்திருக்கலாம். வீட்டுக்குப் போனதும் இணையத்தில் அந்தப் பதிவை எடுத்துப் பெயர், தேதி எல்லாம் சரியா என்று பார்த்து, அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் முதலில் இறங்கும் விமான நிலையத்திலேயே பெட்டியை எடுத்துக்கொண்டு சுங்கத்தைக் கடந்து, பிறகு மறுபடியும் ஒப்படைக்க வேண்டியிருக்கும். கடைசி ஊர் வரை டேக் போட்டிருந்தாலும் பெரும்பாலும் இதுதான் நடைமுறை. ஃப்ராங்க்ஃபர்ட் வழியாக ரோம் போனால் வேறு மாதிரி. பாஸ்போர்ட் சோதனை ஃப்ராங்க்ஃபர்ட்டில், சரக்கில் போட்ட பெட்டிக்குச் சுங்கம் ரோமில். அடுத்த விமானத்துக்கு ஒரு மணி நேரம்தான் இடைவெளி என்று டிக்கெட் எடுப்பதற்கு முன்பு இதை யோசியுங்கள். பெட்டி வரவில்லை என்றாலோ உடைந்து வந்தாலோ, வெளியே போவதற்கு முன்பே விமான நிறுவனத்தின் மேசையில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டால் வேலை இரட்டிப்பாகும்.

இப்போது பல நாடுகளில் காகித அட்டை போய் இணையப் படிவம் வந்துவிட்டது. சிங்கப்பூருக்கு எஸ்ஜி அரைவல் கார்டு, தாய்லாந்துக்கு 2025 மே 1 முதல் டிஜிட்டல் வருகை அட்டை. இரண்டுக்கும் கட்டணம் கிடையாது. இணையத்தில் தேடும்போது மேலே வருகிற சில தளங்கள் அரசுத் தளம் போலவே இருந்து பணம் கேட்கும். இந்த இரண்டு அட்டைகளுக்கும் பணம் கேட்டாலே அது வேறு யாரோ என்று வெளியே வந்துவிடுங்கள்.

மூன்றாம் முறை அம்மா போனபோது நான் கொடுத்தது ஒரே ஒரு தாள்தான். தங்கையின் முழுப் பெயர், வீட்டு முகவரி, இரண்டு தொலைபேசி எண்கள், திரும்பும் விமானத்தின் எண்ணும் தேதியும், மருந்துகளின் பொதுப் பெயர்கள். எல்லாம் பெரிய எழுத்தில், ஆங்கிலத்திலும் தமிழிலும். தொலைபேசியில் இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது. இறங்கிய நேரத்தில் சிக்னலும் இருக்காது, சார்ஜும் இருக்காது. வரிசையில் நிற்கும்போது அதை வெளியே எடுக்க விடாத இடங்களும் உண்டு.

கிளம்புகிற அன்று பார்த்தால், தங்கையின் தோட்டத்துக்கு என்று கைப்பைக்குள் ஒரு சின்னப் பொட்டலத்தில் பூச்செடி விதைகள். எடுத்து வைத்துவிடுங்கள், விட மாட்டார்கள் என்றேன். அம்மா கேட்கவில்லை. "கேட்டா இருக்குன்னு சொல்றேன். எடுத்துக்கிட்டா எடுத்துக்கட்டும்" என்றார். எனக்கு வாய் அடைத்துவிட்டது, இதைத்தானே இத்தனை வருடமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கவுன்டரில் கேட்டிருக்கிறார்கள். அம்மா மூன்று சொற்களையும் சொல்லி, மொழிபெயர்ப்பாளர் வந்ததும் விதை இருக்கிறது என்று பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்திருக்கிறார். உரிய சான்றிதழ் இல்லை என்று வாங்கிக்கொண்டார்கள். அபராதம் இல்லை. மருந்துப் பெட்டிகளை ஒருமுறை பார்த்துவிட்டு மூடிக் கொடுத்தார்கள். அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டார். தங்கையைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை, "உன் விதை போச்சுடி" என்பதுதானாம்.