கிரிகிரியா, ஷிக்குஷிக்குவா?

நவம்பர் 7
கடைசி வகுப்பு முடிந்ததும் குடையோடு ஓடினேன். கிளினிக்கில் ஷட்டர் இறங்கியிருந்தது. வியாழக்கிழமை மதியம் லீவாம். சாப்பாட்டை மறந்தாலும் குடையை மறக்காதே என்று ஜப்பானில் இந்தக் கனாசவா ஊர்க்காரர்கள் சொல்வார்கள். எனக்குச் சாப்பாட்டை மறக்கத்தான் ஆசை.

நவம்பர் 8
அக்குளில் தெர்மாமீட்டர், மடியில் கேள்வித்தாள். ‘எப்படிப்பட்ட வலி?’ என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. பிழைப்பே இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பதுதான், ஆனால் வலி என்று வந்தால் அந்த இங்கிலீஷும் வாயில் வருவதில்லை. டாக்டர் தன் வயிற்றில் கை வைத்துக் கேட்டார்: கிரிகிரியா, ஷிக்குஷிக்குவா?

சிரித்துவிட்டேன். சுருக் சுருக்குனு குத்துதா, விண் விண்ணுனு தெறிக்குதா என்று பாட்டி கேட்பாளே, அதே கேள்வி! கிரிகிரி என்றால் துளை போடுவது போல. ஷிக்குஷிக்கு என்றால் மந்தமாக, விடாமல் நோவது. விசும்பி அழுவதற்கும் அதே சொல்தான். ராத்திரி கிரிகிரி, பகலில் ஷிக்குஷிக்கு என்றேன். தலையாட்டி எழுதிக்கொண்டார். கேமரா விட்டுப் பார்த்துவிடலாம் என்றார்.

குடும்பத்தில் யாருக்காவது வயிற்றுப் புற்று உண்டா என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் டிக் அடித்தேனா?

நவம்பர் 9
அடித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

நவம்பர் 12
அம்மா போன். குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள். “சூட்டு வலிடி. வெந்தயத்தை மோர்ல போட்டு முழுங்கு.” அப்பா பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

மதியம் பிள்ளைகளோடு உட்கார்ந்துதான் பள்ளிச் சாப்பாடு. 200 மில்லி பாலையும் குடித்தாக வேண்டும். பக்கத்து மேசைப் பையன் என் பாலையே பார்த்துக்கொண்டிருந்தான். கொடுத்துவிட்டேன்.

நவம்பர் 16
மூக்கு வழியாக விட்டார்கள். திரையில் ரோஸ் நிறத்தில் என் இரைப்பை, ஏதோ குகை மாதிரி. இரண்டு துணுக்கு கிள்ளி எடுத்தார். கிள்ளியது வலிக்கவே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. பில்லில் 30 சதவீதம்தான் என் பங்கு, மீதி இன்சூரன்ஸ். வாசல் வரை ஆளாளுக்கு “ஓதாய்ஜினி” என்றார்கள். உடம்பைப் பார்த்துக்கொள் என்று அர்த்தம்.

ரிசல்ட் வரப் பத்து நாளுக்கு மேல் ஆகும்.

நவம்பர் 20
இடி. இங்கே குளிர்காலம் இடியோடுதான் வரும். புரி மீனை எழுப்பும் இடி என்கிறார்கள். என்னையும் எழுப்பிவிட்டது.

நவம்பர் 21
அப்பாவின் சட்டைப் பையில் எப்போதும் ஜெலுசில் மாத்திரை இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்கும் ஒன்று தருவார், மிட்டாய் மாதிரி.

நவம்பர் 27
புற்று இல்லை.

பைலோரி என்ற வயிற்றுக் கிருமி. டாக்டர் வாயில் அது ‘பிரோரி’. சின்ன வயதிலேயே தொற்றியிருக்கும் என்றார். இங்கேயும் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த தலைமுறையிடம்தான் அதிகமாம். அப்படியென்றால் நான் விசா வாங்கி வந்தபோது இதுவும் டிக்கெட் இல்லாமல் கூடவே வந்திருக்கிறது. பல வருடம் விட்டால் புண், சிலருக்குப் புற்று வரைக்கும் போகும் என்று டாக்டர் நிதானமாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து படித்துக்கொண்டே இருந்தேன். பாரி மார்ஷல் என்ற ஆஸ்திரேலிய டாக்டர் 1984-ல் இந்தக் கிருமியைத் தானே குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொண்டிருக்கிறார். புண்ணுக்கு இந்தக் கிருமிதான் காரணம் என்றால் நம்ப ஆளில்லை, வேறு வழி? 2005-ல் அவருக்கும் கூட ஆராய்ந்த ராபின் வாரனுக்கும் நோபல். அப்பாவிடம் கடைசி வரை காரத்தைக் குறை, டென்ஷனைக் குறை என்றுதான் சொன்னார்கள். பாவம், மிளகாயே இல்லாமல் சாப்பிட்டார்.

அப்பா போனது 2006.

டிசம்பர் 1
இரண்டு ஆன்ட்டிபயாட்டிக், அமிலத்தைக் குறைக்க ஒரு மாத்திரை. காலை, இரவு, ஏழு நாள். வாயெல்லாம் கசப்பு. தண்ணீர்கூடக் கசக்கிறது.

டிசம்பர் 4
கடைசி வேளை. கிருமி போனதா என்று ஊதிப் பார்ப்பது ஜனவரியில்தான். நான்கு வாரமாவது கழியணும்.

அண்ணனுக்கு வாட்ஸப்பில் எழுதினேன்: “நாம ஒரே கிணத்துத் தண்ணிதானே குடிச்சோம், நீயும் ஒரு தடவை பார்த்துடு.” நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

டிசம்பர் 7
பதில் இல்லை.

டிசம்பர் 9
பனி. விடியற்காலை அண்ணன் போன், அங்கே நடுராத்திரி. ஸ்கூல் எப்படி, குளிர் எப்படி என்று சுற்றி வளைத்துவிட்டுக் கேட்டான்: “உனக்கு எப்படி வலிச்சுது? குத்துற மாதிரியா, இல்ல...”